நாலு மணிக் கத்தல்

செவல்மேட்டில் நாலு மணி ஆனால், பூட்டிக் கிடக்கும் மில் மேனேஜர் பங்களாவின் மாடி அறையிலிருந்து ஒரு பெண்ணின் கத்தல் கிளம்பும். கிளம்பி, ஓடு சரிந்த கூரை வழியாக வெளியேறி, கருவை முளைத்த மில் வாசலைத் தாண்டி, தொழிலாளர் லைன் வீடுகளின் மேலாக, மாதா கோயில், காளியம்மன் கோயில், கள்ளத்தனமாகச் சரக்கு விற்கும் பெட்டிக்கடை என்று வேற்றுமை பாராமல் எல்லாத் தலைகளின் மேலும் ஒரே சீராகப் போய், கண்மாய்க் கரையில் அடங்கும். ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கத்தல் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் தூக்குவார்கள், டீக்கடையில் பால் அடுப்பேறும், பருத்திக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் இடுப்பை நிமிர்த்துவார்கள், அதுவரை சிணுங்கிய தூளிப் பிள்ளை கண் சொருகித் தூங்கும். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் முதல் தடவை கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே போடுவார்கள், அடுத்த தடவை, "நாலாயிருச்சா?" என்று உலையை ஏற்றுவார்கள். ஒருமுறை பேயோட்டுகிறவன் ஒருவன் உடுக்கையும் எலுமிச்சம்பழமுமாக வந்து பங்களா வாசலில் உட்கார்ந்தான். கத்தல் கிளம்பியது. முழுவதும் கேட்டுவிட்டு, "இதில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை, இது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

அந்தக் கத்தல் குருவம்மாளுடையது.

குருவம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. மில்லில் நூற்புப் பகுதியில் நின்றவள். துண்டறிக்கை வாசித்து எழுத்துக் கூட்டியவள், பிறகு துண்டறிக்கை எழுதியவள். போலீஸ் வேனில் ஏறுவதற்கு யார் கையையும் பிடிக்காதவள். மில் மூடப்பட்டு, இயந்திரங்கள் பழைய இரும்பாக எடை போடப்பட்டு, ஷிப்டு நேரத்துக்கு ஊதும் கூரைமேல் சங்கும் திருகி இறக்கப்பட்டு, சங்கம் மூன்றாக உடைந்து, அதில் இரண்டு துண்டு முதலாளியின் மச்சினனுக்கு மாலை போட்டு, ஒரு துண்டு இவளாக மிஞ்சிய பிறகும், இவள் வாசலில் செங்கொடி நின்றது. கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டு லூர்துமேரி மட்டும் வருவாள். அவளும் கூட்டத்துக்கு இரவல் கொடுத்த நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போவதற்காக வந்ததாகச் சொல்லுவாள். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை எல்லோரும் அவளை 'தோழர்' என்றுதான் கூப்பிட்டார்கள், வேறு பெயர் அவளுக்கு இல்லை என்பதுபோல.

கத்தல் மாடியில் தங்கிய கதை ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் அதைப் பேசுவதில்லை.

குருவம்மாளுக்கு இருபது வயது இருக்கும்போது முதலாளி மில்லைக் கதவடைப்புச் செய்தான். காலியாகக் கிடந்த மேனேஜர் பங்களாவை மெட்ராஸிலிருந்து வந்த சினிமாக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான். 'சாத்திய கதவு' என்று படம். கறுப்பு வெள்ளை. ஒரு புருஷன் மாடியில் நடமாடிவிட்டு, "யாருமே நடக்கவில்லையே, உனக்குத்தான் கேட்கிறது" என்று பெண்டாட்டியிடம் சொல்லுவான். அவளுடைய சாவிக்கொத்தைத் தானே ஒளித்துவிட்டு, "நீதான் மறந்துவிட்டாய்" என்பான். சொல்லிச் சொல்லியே அவளைப் பைத்தியமாக்கி ஊரையும் நம்பவைத்து, மாடியறையில் வைத்துப் பூட்டுவான். அவள் கத்துவாள். படம் முடியும். கதாநாயகிக்குத் தேன் மாதிரிக் குரல். எத்தனை முறை கத்தினாலும் தாலாட்டாகவே வந்தது. டைரக்டர் மாடி ஜன்னலைத் திறந்து, வேலியோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற வேலையில்லாக் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஒருத்தி வந்து கத்திட்டுப் போங்கம்மா" என்றார்.

குருவம்மா போனாள்.

"பேயைப் பார்த்த மாதிரி நினைச்சுக்கோ" என்றார் டைரக்டர். அவள் பேயைப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகப் புகையில்லாத புகைக்கூண்டு தெரிந்தது, அதன் பக்கத்தில் கூரைமேல் மில் சங்கு தெரிந்தது. வேலை இல்லாதவனுக்கு மணி எதற்கு என்று முதலாளி சங்கையும் நிறுத்தியிருந்தான். ஊர் விடிந்ததும் அடைந்ததும் தெரியாமல் கிடந்தது. நாலு மணி ஷிப்டுக்கு அது ஊத வேண்டிய நேரம். ஊதாத சங்கைப் பார்த்தபடி குருவம்மா வாயைத் திறந்தாள்.

விளக்குகளில் இரண்டு வெடித்தன. டைரக்டர் அழுதார். படம் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியது. தேன் குரல்காரிக்குப் பட்டம் கொடுத்தார்கள். "ஒரு பெண்ணின் பயத்தை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று பத்திரிகைகள் எழுதின. பெயர் போடாததில் குருவம்மாளுக்கு வருத்தமில்லை. பயம் என்று எழுதினார்களே, அதை அவள் மன்னிக்கவே இல்லை.

பூசணிக்காய் விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கடைசிக் காட்சி எடுத்ததும் குங்குமம் தடவி, கற்பூரம் ஏற்றி, பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைக்க வேண்டும். உடைத்தால்தான் படம் முடிந்தது. அன்றைக்கு மாடிப்படியில் தயாராக வைத்திருந்த பூசணிக்காய், குருவம்மா கத்திவிட்டு இறங்கும்போது அவள் முந்தானைக்குள் போயிற்று. மில் வாசலில் கதவடைப்புக் காலத்துக்குச் சங்கம் திறந்த கஞ்சித்தொட்டியின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, வெறும் கஞ்சியைக் குடித்துக் குடித்துச் சனத்துக்கு நாக்குச் செத்திருந்தது. லூர்துமேரி குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் துண்டு போட்டாள், புளிக்குழம்பு கொதித்தது, லைன் முழுக்கத் தின்றது. சினிமாக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறதென்று உடைக்காமலே கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு, ஆளில்லாத மாடியில் கத்தல் தானாகக் கேட்டது. முடியாத படம் எப்படிப் போகும்? அதை முடித்துவைக்க வேண்டிய காயை ஊரே தின்று செரித்துவிட்டதே. கதவடைப்பு முடிந்து மில் திறந்தபோது சங்கும் கத்தலும் சேர்ந்து ஊதின. மில் ஒரேயடியாக மூடிய பிறகு கத்தல் மட்டும் ஊதியது. இத்தனை வருஷமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

இப்போது புதுக் கம்பெனி வந்தது. அதே கதை, அதே பங்களா, அதே பெயர். பெயரை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார்கள். டைரக்டர் நிவேதன், தாடி வைத்த, மரியாதை தெரிந்த இளைஞன், காரை விட்டிறங்கி நேராகக் குருவம்மாளின் லைன் வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, நீங்கதான் அந்த ஒரிஜினல் வாய்ஸா? நம்பவே முடியல!"

"எதை நம்ப முடியல? ஏழைக்குத் தொண்டை இருக்குங்கிறதையா?"

அவன் சிரித்தான். வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த லூர்துமேரியும் சிரித்தாள். "உக்காருங்க தம்பி. இவ வாயில இருந்து நல்ல வார்த்தை வாங்கணும்னா நீங்க போலீஸ்காரரா இருக்கணும். அவங்களுக்குத்தான் விதவிதமாக் கொடுப்பா."

நிவேதன் உட்கார்ந்து தன் படத்தை விளக்கினான். "இப்ப ஆடியன்ஸ் மாறிட்டாங்கம்மா. சும்மா கத்தினா சிரிப்பாங்க. ஏன் கத்தறான்னு ஒரு காரணம் வேணும். நம்ம கதையில அவளுக்கு ஒரு நோய். சின்ன வயசுல ஏதோ பார்த்துப் பயந்துட்டா. கடைசியில டாக்டர் குணப்படுத்திடறார். ஜன்னலைப் பார்த்து அவ சிரிக்கிறா. கத்தலே கிடையாது."

"புருஷன்?"

"அவர் கூட நின்னு பார்த்துக்கறார். அவரையும் கொஞ்சம் நல்லவரா மாத்தியிருக்கோம்."

குருவம்மா வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தாள். "கதவைச் சாத்துனவன் நல்லவன், உள்ள கெடந்து கத்துனவளுக்கு நோய். தம்பி, இந்தக் கதையை எங்க முதலாளி முன்னமே எழுதிட்டாரு. லேபர் கோர்ட்டுல வாசிச்சாங்க. அங்கயும் கடைசியில எங்களைத்தான் சிரிக்கச் சொன்னாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தப் பயத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்."

"பயமா? யாரு பயந்தா? கோவத்துல கத்துனது தம்பி அது. உங்க ஆளுங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை வருசம் ஓட்டிட்டாங்க. இன்னொண்ணு. அம்மான்னு கூப்பிடாதீங்க. தோழர்னு சொல்லுங்க, நாக்கு சுளுக்காது."

நிவேதனுக்கு முதலில் அந்தக் கத்தல் பிடித்துத்தான் போயிற்று. விளம்பரத்துக்காவது ஆகும் என்று ஒலிப்பதிவு செய்யச் சொன்னான். மாடி அறையில் மைக்குகளைக் கட்டி, நாலு மணிக் கத்தலைப் பிடித்து, பங்களா முற்றத்தில் எல்லோரும் கேட்க ஓடவிட்டார்கள். கருவியிலிருந்து பெண் குரல் வரவில்லை. மில் சங்கு வந்தது. கனத்து, இழுத்து, நெஞ்செலும்பில் அதிரும் பழைய சங்கு. முற்றத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழைய மில் ஆட்கள், முழங்கால் தேய்ந்தவர்களும் கண் மங்கியவர்களுமாக, ஒருவரையொருவர் கேட்காமல் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இல்லாத டிபன் தூக்கை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மில் வாசலை நோக்கி நடந்தார்கள். வாசலில் கருவை முள் குத்தியதும்தான் நின்றார்கள். வேறு கருவியில் பதிந்து பார்த்தார்கள். அதிலும் சங்கு.

"எனக்குச் சங்கு வேண்டாமே" என்றான் நிவேதன். அதற்கப்புறம் அவனுக்கு அது தொந்தரவாயிற்று. நடிக்கும்போதே குரலையும் பதிகிற படம் அது. நாலு மணிக் கத்தல் பாதி வசனத்தில் விழுந்தது. பழைய சினிமாக்காரரான புரொடக்‌ஷன் மேனேஜர் கஜபதி காதில் பென்சிலைச் சொருகியபடி சொன்னார்: "சார், அந்தப் படத்துக்குப் பூசணிக்காய் உடைக்கல. அன்னைக்கு எடுபிடியா நானும் இருந்தேன். காய் காணாமப் போச்சு. நம்ம படம் முடியறப்போ மேல் ரூம்ல வச்சு ஒரு காயை உடைச்சா, ரெண்டும் சேர்ந்து முடிஞ்சிரும். சத்தம் போயிரும்."

நிவேதன் சிரித்தான். பிறகு, "உடைச்சிருங்க" என்றான்.

செய்தி ஊருக்குள் வந்தபோது குருவம்மா எழுந்து, பெட்டிக்கடியில் கிடந்த பழைய தாள்களை உதறி எடுத்துத் துண்டறிக்கை எழுதினாள். தலைப்பு: 'பூசணிக்காயே, திரும்பிப் போ!' அதைக் கையில் வாங்கியவர்கள் சிரித்தார்கள். டீக்கடையில் உரக்க வாசித்து, ஒவ்வொரு பத்திக்கும் கைதட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பரமானந்தம், இவளோடு மறியலில் உட்கார்ந்து பிறகு மாலை போடப் போனவர்களில் ஒருவர், அவளைப் பஸ் நிறுத்தத்தில் மறித்தார்.

"தோழர், கம்பெனிக்காரங்க பங்களாவைச் சரிபண்ணித் தர்றேங்காங்க. தங்கும் விடுதி ஆகும், பத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். கத்தல் போனா என்ன? ஒரு கடிகாரம் வாங்கி மாட்டிருவோம். நானே வாங்கித் தாரேன்."

"கடிகாரம் மணியைச் சொல்லும், பரமானந்தம். யாரோட மணின்னு சொல்லுமா?"

"இதெல்லாம் மேடைப் பேச்சு."

"மேடையில நின்னப்போ கீழ உக்காந்து முதல் ஆளா நீதான கைதட்டுன. இப்பவும் தட்டு, பழக்கம் விட்டுப்போகாம இருக்கும்."

வெளியே இப்படிப் பேசினாலும், வீட்டுக்கு வந்து லூர்துமேரியிடம் உடைந்துதான் உட்கார்ந்தாள். "மில்லு போச்சு. சங்கு போச்சு. சங்கம் போச்சு. இங்க இத்தனை ஆயிரம் பேர் நின்னு நூல் இழுத்தாங்கன்னு சொல்ல அது ஒண்ணுதான் மேரி மிச்சம். அதையும் உடைச்சிட்டு, இங்க ஒரு பைத்தியக்காரி இருந்தா, குணமாகிட்டான்னு படம் ஓட்டப் போறானுங்க."

லூர்துமேரி புளியங்கொட்டையை நிறுத்தவில்லை. "அழுவுறியா?"

"எவ அழுவுறா?"

"சரி. அழாதவ எந்திரிச்சு வந்து அந்தப் பெரிய அண்டாவைக் கீழ இறக்கு. எனக்கு எட்டல."

படத்தின் கதாநாயகி தாரிணி, ஊர்க் குழாயடி வழியாகக் குடை பிடிக்காமல் நடந்துவரும் பெண். அவளுக்கு முதல் நாள் நாலு மணிக் கத்தலில் கையிலிருந்த காபி சிந்தியது. பிறகு, எல்லா மருமகள்களையும் போல, பழகிப்போயிற்று. கடைசிக் காட்சிக்கு முந்தின நாள் அவள் குருவம்மாளிடம் வந்து நின்றாள்.

"பாட்டி, கோவிச்சுக்காதீங்க... அந்த ஜன்னல்ல அப்படி என்னதான் பார்த்தீங்க?"

"பாட்டியாம். நான் யாரையும் பெறவும் இல்ல, உன்னைப் பெத்தவங்களைப் பெறவும் இல்ல. ஊதாத சங்கைப் பார்த்தேன்."

"இப்ப அங்க சங்கே இல்லையே."

"ஆமா. திருகி எடுத்த ஆணி நாலு நிக்கும். அதைப் பாரு, வேணும்னா. இல்லாட்டி அவரு சொன்ன மாதிரி சிரி. உன் பொழப்பு அது, நான் சொல்ல யாரு?"

கடைசிக் காட்சியைக் காலை வெயில் மாடி ஜன்னலில் விழும் நேரத்துக்கு வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற எட்டு மணி. வேலியோரம் ஊர் திரண்டுவிட்டது. களைக்குப் போகிறவர்கள் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகவில்லை, பரமானந்தம் துண்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். குருவம்மா புழக்கடைப் படி வழியாகப் பங்களாவுக்குள் ஏறினாள். பூசணிக்காயைப் பிடுங்கப் போகிறாள். தடுத்தால் படியில் படுப்பாள். தூக்கினால் தூக்கட்டும், எத்தனை தடவை தூக்கியிருக்கிறார்கள்.

படியின் திருப்பத்தில் கஜபதி நின்றார். கையில் குங்குமம் தடவிய பூசணிக்காய். குருவம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

கஜபதி காயை நீட்டினார்.

"அன்னைக்குக் கம்பெனிச் சாப்பாடு வர்றதுக்கு ராத்திரி ஆயிருச்சும்மா. பசி தாங்காம உங்க கஞ்சித்தொட்டி வரிசையில நானும் வந்து நின்னேன். எந்த ஊருன்னு யாரும் கேக்கல, ஊத்துனாங்க. குழம்பு வாயில பட்டதும் அது என்ன காய்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." பென்சிலைக் காதில் சரியாகச் சொருகிக்கொண்டார். "உப்புக் கம்மியாப் போடச் சொல்லுங்க. பிரஷர் இருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவும் மாடியில் தாரிணி கத்தவும் சரியாக இருந்தது.

ஜன்னலைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள், ஜன்னலைப் பார்த்தாள், திருகிய ஆணிகள் நிற்பதைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்தக் கத்தல் குருவம்மாளுடையதுபோல் இல்லை. வேறு சுருதி, வேறு கனம், குருவம்மாளுக்குத் தெரியாத ஏதோ கட்டிடங்களையும் ஏதோ அறைகளையும் ஏதோ சாத்திய கதவுகளையும் பார்த்து வந்த கத்தல். ஆனால் அதிலும் பயம் துளிக்கூட இல்லை. நிவேதன் "கட்" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மாடியிலிருந்து கண்மாய் வரை போய் அடங்கும்வரை எல்லோரும் நின்றார்கள்.

"தாரிணி, அழகா இருந்தது, ஆனா இது நம்ம படம் இல்ல. சிரிக்கிற மாதிரி இன்னொண்ணு போலாம்" என்றான்.

"அவ்வளவுதான் சார் என்கிட்ட" என்றாள் தாரிணி. "சிரிப்பு வேணும்னா நீங்க சிரிச்சுக்கோங்க."

நிவேதன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மற்றதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டு, "சரி, பூசணிக்காயை உடைங்க. எல்லாம் முடியட்டும்" என்றான்.

காய் இல்லை. கருவையை வெட்டிச் சுத்தம் செய்த மில் வாசலில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, கஞ்சித்தொட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; லூர்துமேரி காயைத் துண்டு போட்டு அண்டாவில் தள்ளிவிட்டாள்; பழைய மில் பெண்கள் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். "வேற வாங்கிட்டு வாங்க!" என்று நிவேதன் ஆளனுப்பினான். கம்பெனி ஆட்கள் சந்தைக்கு ஓடினார்கள். முதல் கடையில் பூசணிக்காய் மலையாகக் குவிந்து கிடந்தது, கடைக்காரர் அதன்மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பூசணியா? இந்தப் பக்கம் விளையுறதே இல்லையே" என்றார். அடுத்த கடையில் இருந்ததெல்லாம் விதைக்கு என்றார்கள். மூன்றாவது கடைக்காரி, "இது சுரைக்காய்யா, உடம்பு ஊதிருச்சு" என்றாள். கூட்டம் போட்டால் வராத ஊர், துண்டறிக்கையைக் கைதட்டிச் சிரித்த ஊர், ஒருவரையொருவர் கேட்காமலே இதைச் செய்தது. கடைசியாக அவர்கள் பரமானந்தத்தின் தோட்டத்துக்குப் போனபோது, கொடியெல்லாம் காயாகக் கிடக்க, தலைவர் வரப்பில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பழக்கம் விட்டுப்போகல. என்னன்னு கேக்காதீங்க. காய் இல்ல."

விளக்குகளைத் தூக்கிக்கொண்டு விடியலிலிருந்து நின்ற லைட்மேன்கள்தான் முதலில் குழம்பு வாசத்துக்கு இறங்கி வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, ஊற்றினார்கள். ஒலிப்பதிவாளர் வந்தார், மேக்கப்பைச் சரிசெய்யும் டச்சப் பெண்கள் வந்தார்கள், உப்பைப் பார்த்துப் பார்த்து கஜபதி இரண்டாம் தடவை வாங்கினார், தாரிணி தரையில் சம்மணம் போட்டுத் தின்றாள். நிவேதன் மட்டும் காரில் உட்கார்ந்திருந்தான். குருவம்மா ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"இறக்குங்க தம்பி. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க ஒரு கதவைச் சாத்தப் பார்த்தீங்க, அவ்வளவுதான். பசிக்கும், தின்னுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். தின்றானா என்று யாரும் பார்க்கவில்லை.

கம்பெனி போன மறுநாள், காலை எட்டு மணிக்கு, ஆளில்லாத மாடியில் தாரிணியின் கத்தல் தானாகக் கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் புறப்பட்டார்கள். டீக்கடையில் முதல் பால் இறங்கியது. நாலு மணிக்குக் குருவம்மாளுடையது கேட்டது, ஒரு சுருதியும் குறையாமல்.

படம் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் அந்த முகத்துக்குச் சிரிப்பை ஒட்டவைத்திருந்தார்கள், குரலைத் துடைத்திருந்தார்கள். ஆனாலும், பட்டணத்துக் குளிர்சாதனத் தியேட்டர்களில் அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில் ஒரு சங்கு ஊதியதாகவும், பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிற பிள்ளைகள், கையிலிருந்த போனை அணைத்து, ஷிப்டு முடிந்தவர்களைப்போல ஒருவரையொருவர் கேட்காமல் எழுந்து, வெளியே போய், வாசலில் கூட்டமாக நின்று பேச ஆரம்பித்ததாகவும் செய்தி வந்தது. என்ன பேசினார்கள் என்று செய்தியில் இல்லை. பேச ஆரம்பித்தார்கள் என்பதே குருவம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது.

லூர்துமேரி நாற்காலியைத் திருப்பி எடுத்துப் போக வந்தவள், அதில் உட்கார்ந்துகொண்டாள். "இன்னொருத்தன் வாரானாம் குருவு. இதையே மறுபடி எடுக்கணுமாம். இந்த ரெண்டும் பழசாப் போச்சாம்."

குருவம்மா மில்லின் பக்கம் பார்த்தாள். காலை எட்டு, மாலை நாலு, நடுச்சாமம் பன்னிரண்டு. மூன்று ஷிப்டு ஓடிய மில் அது.

"வரச்சொல்லு" என்றாள். "பன்னெண்டு மணிச் சங்கு இன்னும் பாக்கி இருக்கு."